காவல் கை

பிலிப்பைன்ஸின் செபு நகரில் பொழுது விடிவதைச் சேவல்கள்தான் அறிவிக்கின்றன. வீட்டுக்கு வீடு சண்டைச் சேவல் கட்டியிருக்கிறார்கள். ஒன்று கூவினால் தெருவே கூவுகிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு கொல்லைப்புறத்தில் பிரம்போடு பிரம்பு மோதும் ஓசை காலை 6 மணிக்கே தொடங்கிவிட்டது. சென்னையிலிருந்து வந்திருந்த அந்த 46 வயதுப் பெண், தன் வலக்கையில் இருந்த கோலை விட்டுக் கண்ணை எடுக்காமல் வீசிக்கொண்டிருந்தார். எதிரே நின்ற ஆசிரியர் அந்தக் கோலைப் பார்க்கவே இல்லை. தொடையோரம் சும்மா தொங்கிக்கொண்டிருந்த அவருடைய இடக்கையைத் தன் பிரம்பு நுனியால் லேசாகத் தட்டினார்.

“மேம், இதை எங்கே விட்டுவிட்டீர்கள்?”

கை நெஞ்சுக்கு முன்னால் ஏறியது. நாலு வீச்சுக்குப் பிறகு தானாக இறங்கியது. மறுபடி ஒரு தட்டு. முதல் நாள் முழுவதும் பாடம் இவ்வளவுதான்.

பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் இங்கே வந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, பைக்கில் வந்த இருவர் அவருடைய கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். சங்கிலி போன வருத்தம் சில மாதங்களில் ஆறியது. ஆறாமல் நின்றது வேறொன்று. பைக் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவர் கை கழுத்துக்குப் போயிற்று. அதுவரை இரண்டு கைகளும் மரத்துப்போய் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்தக் கைகளைப் பழக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அவரை விமானம் ஏற்றியது.

அவர் கற்க வந்த கோல்சண்டைக் கலைக்கு மூன்று பெயர்கள். செபு இருக்கும் விசயாஸ் தீவுகளில் எஸ்கிரிமா என்பார்கள். வாள்வீச்சைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லின் திரிபு அது. வடக்கே லூசோனில் ஆர்னிஸ். அமெரிக்காவில் குடியேறியவர்கள் வழியே பரவிய பெயர் காலி. 2009 டிசம்பர் 11 அன்று கையெழுத்தான 9850ஆம் எண் சட்டம் ஆர்னிஸை நாட்டின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது. நாடு தழுவிய பள்ளி விளையாட்டு விழாவான பலாரோங் பம்பான்சாவில் முதல் போட்டியாக ஆர்னிஸே நடக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. 2019இல் பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் ஆர்னிஸுக்கு வைக்கப்பட்ட 20 தங்கப் பதக்கங்களில் 14 பதக்கங்களை அந்த நாடே வென்றது.

கோலை உள்ளூரில் ஒலிசி என்கிறார்கள். நீளம் சுமார் 28 அங்குலம். தலை உயரத்துக்கு நிற்கும் சிலம்பக் கம்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பாதிக் கம்பாகத் தெரியும். பிரம்பில் செய்வதற்குக் காரணம் உண்டு. மூங்கிலைப் போல உள்ளே குழல் கிடையாது, முழுக்க நார். அடிபட்டால் சிலாம்பு தெறித்துக் கண்ணில் பாயாது, நாராக உரிந்து பஞ்சு போலப் பிசிர் விடும். கனமான கோல் வேண்டுபவர்கள் கமகோங் மரத்துக்குப் போகிறார்கள். நம் கருங்காலிக்கு உறவுமுறை மரம் அது. அதேபோல் கருத்து, அதேபோல் கனத்து இருக்கும். அதைக் கொண்டு ஒருவரோடு ஒருவர் பழகுவதில்லை. எலும்பு தாங்காது.

இரண்டாம் நாள் எண்கள் வந்தன. இடப்பொட்டுக்கு வருவது ஒன்று, வலப்பொட்டுக்கு வருவது இரண்டு, வயிற்றைக் குத்த வருவது ஐந்து என்று பன்னிரண்டு வரை போகும். பள்ளிக்குப் பள்ளி வரிசை சற்று மாறும். கராத்தே வகுப்பில் முதலில் வெறுங்கை, ஆயுதம் பிற்பாடு. இங்கே தலைகீழ், முதல் நாளே கையில் கோல். அதன் காரணம் அந்த எண்களில் இருந்தது. ஒன்றாம் கோணத்தில் வருவது பிரம்பாக இருக்கலாம், தேங்காய் வெட்டும் போலோ கத்தியாக இருக்கலாம், உடைந்த பாட்டிலாக இருக்கலாம், வெறும் முஷ்டியாகவும் இருக்கலாம். வரும் பாதை ஒன்றுதான். பாதையை அறிந்த உடல், எது வருகிறது என்று பார்த்துத் தீர்மானிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சங்கிலியை நோக்கி வந்த அந்தக் கையும் ஏதோ ஓர் எண்ணில்தான் வந்திருக்கும் என்று சென்னைக்காரர் அன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார்.

மூன்றாம் நாள் இரண்டு கைக்கும் கோல் கொடுத்தார்கள். சினவாலி என்று பெயர். மூங்கிலைச் சீவி முடைந்து வீட்டுச் சுவருக்கு அடைக்கும் தட்டிக்கு இங்கே சவாலி என்று பெயர். அதிலிருந்து வந்த சொல். ஒரு கோல் மேலே போனால் மற்றது கீழே வரும், கை மாறிக் கை பின்னும். மதியம் கார்பன் சந்தைக்குச் சாப்பிடப் போனபோது, ஒரு மூதாட்டி தென்னங்குருத்தைப் பின்னிக் கூடு செய்துகொண்டிருந்தார். அந்தக் கூட்டில் அரிசியை இட்டு வேகவைத்தால் புசோ. கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு விற்கிறார்கள். மூதாட்டியின் விரல்கள் ஓலையைப் பார்க்காமலே ஓடின. இடக்கை வலக்கைக்காகக் காத்திருக்கவில்லை.

செபுவுக்கு எஸ்கிரிமாவின் தலைநகர் என்ற பெயர் சும்மா வரவில்லை. 1920இல் லபாங்கோன் பகுதியில் ஒரு வாள்வீச்சுச் சங்கம் தொடங்கியது. அது கலைந்த பின், 1932 ஜனவரியில் சாவெத்ரா, கான்யேத்தே குடும்பத்தார் முன்னின்று டோசே பாரெஸ் சங்கத்தை நிறுவினார்கள். மன்னர் சார்லமேனின் பன்னிரு வீரர்களைக் குறிக்கும் பெயர் அது. அந்தச் சங்கத்தில் இருந்தவர்தான் வெனான்சியோ பாக்கோன், ‘ஆன்சியோங்’. ஒற்றைக் கோல் போதும், நெருங்கி நின்று ஆட வேண்டும் என்று தனி வழி கண்டு, 1952இல் பிரிந்து வந்தார். ஒரு கடிகாரக் கடையின் பின்புறத்தில் பயிற்சி நடந்தது. கடை இருந்த தெருவின் பெயரே பள்ளிக்கும் ஆயிற்று: பாலின்தவாக்.

இரண்டு தரப்புக்கும் பல ஆண்டுகள் கடும் போட்டி. கவசம் இல்லாமல் சவால் விட்டு மோதிக்கொண்ட கதைகளை முதியவர்கள் இன்றும் இடம் சுட்டிச் சொல்கிறார்கள். அந்தப் பகையை அரங்குக்குள் கொண்டுவந்தது 1979 மார்ச்சில் செபுவில் நடந்த தேசியப் போட்டி. தலைக்கவசமும் உடற்கவசமும் அணிந்து ஆடிய அந்தப் போட்டியில் வென்ற சிரியாக்கோ கான்யேத்தேவுக்கு அப்போது வயது 59. ‘காக்கோய்’ என்று ஊரே அழைத்த அவர் 2016இல், 96ஆம் வயதில் மறைந்தார்.

கொல்லைப்புற ஆசிரியர் பாக்கோன் வழி வந்தவர். அந்த வழியில் பாடம் சொல்லும் முறைக்கு ஆகாக் என்று பெயர். நடை பழகும் குழந்தையையோ, தள்ளாடும் முதியவரையோ கைப்பிடித்து நடத்துவதைச் செபு மொழியில் இப்படித்தான் சொல்வார்கள். ஆசிரியர் முன்னறிவிப்பு இல்லாமல் ஏதாவது ஒரு கோணத்தில் அடி அனுப்புவார். மாணவர் தடுத்துத் திருப்ப வேண்டும். மாணவரின் வேகத்துக்கு ஒரு நூலிழை மேலாக ஆசிரியரின் வேகம் எப்போதும் நிற்கும். மோதல் நடப்பது ஒரு முழத் தூரத்தில். அவ்வளவு நெருக்கத்தில் கோலுக்குத் தடுக்க மட்டுமே நேரம் இருக்கும். மிச்ச வேலையெல்லாம் இடக்கைக்கு. எதிராளியின் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்துவது, கோலைத் தள்ளி ஒதுக்குவது, அடுத்த அடி கிளம்புமுன் முழங்கையில் அழுத்தி அதை முளையிலேயே அடக்குவது. தகாலாக் மொழியில் இந்தக் கையைப் ‘பந்தாய் கமாய்’ என்பார்கள். காவல் கை.

ஆசிரியர் தன் அடியையும் பெரும்பாலும் கைக்கே குறிவைத்தார். “தலையை அடிக்க நீங்கள் அவனுக்குப் பக்கத்தில் போக வேண்டும், மேம். கை அதுவாகவே உங்களிடம் வருகிறது. பாம்புக்குப் பல் போனால் பிறகு என்ன?”

ஐந்தாம் நாள் ஓய்வு. சென்னைக்காரர் பாலம் தாண்டி மாக்தான் தீவுக்குப் போனார். 1521 ஏப்ரல் 27 அன்று போர்த்துகீசிய மாலுமி மெகல்லன் விழுந்த கடற்கரையில், அவரை எதிர்த்த தீவுத் தலைவர் லாபுலாபுவின் உயரமான வெண்கலச் சிலை கத்தியும் கேடயமுமாக நிற்கிறது. சற்றுத் தள்ளி, ஸ்பானியர் காலத்தில் மெகல்லனுக்கு எழுப்பிய கல்தூண். உடன் போரிட்டு உயிர் தப்பிய அந்தோனியோ பிகாஃபெட்டா நடந்ததை எழுதிவைத்திருக்கிறார். பாறைகள் தடுத்ததால் படகுகள் கரைக்கு வர முடியவில்லை. 49 பேர் தொடையளவு நீரில் இறங்கி நடந்தார்கள். எதிரே 1,500க்கு மேற்பட்டவர்கள் என்பது அவர் கணக்கு. மார்பில் கவசம் இருப்பதைக் கண்டு தீவு மக்கள் கால்களைக் குறிவைத்தார்கள். மெகல்லன் வாளை உருவப் போனார். மூங்கில் ஈட்டி கையில் பாய்ந்திருந்ததால் பாதி வாள்தான் உறையைவிட்டு வந்தது. அதன்பின் இடக்காலில் ஒரு பெரும் வெட்டு.

பிகாஃபெட்டா எந்தக் கலையின் பெயரையும் எழுதவில்லை. ஆனாலும் அந்தப் பாதி உருவிய வாளை நினைத்தபடி சென்னைக்காரர் நெடுநேரம் அலையோரம் நின்றார். மேற்கு வழியாக மசாலாத் தீவுகளைத் தேடிக் கிளம்பிய கப்பல்களின் தலைவர், மார்பில் இரும்பு, இடுப்பில் நல்ல வாள். கை ஒன்று மட்டும் அவருக்கு இல்லாமல் போயிற்று.

சென்னைக்காரர் தமிழர் என்று அறிந்ததும் அங்கிருந்த சிற்றுண்டிக் கடைக்காரர் உற்சாகமாக ஒரு கதை சொன்னார். செபுவின் முதல் அரசரான ஸ்ரீ லுமாய் பாதித் தமிழர், சோழர் வழி வந்தவர் என்பது கதை. கடந்த நூற்றாண்டில் உள்ளூர் எழுத்தாளர் ஹோவிதோ அபெல்யானா வாய்மொழி மரபென்று பதிந்தது அது. கல்வெட்டோ பழைய ஆவணமோ அதற்கு இல்லை. வரலாறாக அதை ஏற்க முடியாவிட்டாலும், அந்தக் கதையோடு சேர்ந்து வந்த இளநீர் இனித்தது.

ஏழாம் நாள் வகுப்புக்கு வெள்ளைச் சட்டை அணிந்து வரச் சொன்னார்கள். ரப்பர் கத்தியின் விளிம்பில் உதட்டுச்சாயம் பூசி, ஆசிரியர் அதை ஓர் இளைஞரிடம் கொடுத்தார். கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனிலிருந்து வந்தவர் அந்த இளைஞர். அங்கே தண்ணீர்விட்டான் தண்டு விளையும் வயல்களில் கூலி வேலைக்குப் போன பிலிப்பைன்ஸ்காரர்களில் அவருடைய தாத்தாவும் ஒருவர். அந்தத் தொழிலாளர்களோடு கடல் தாண்டிய எஸ்கிரிமாவை 1966இல் ஏஞ்சல் கபாலெஸ் ஸ்டாக்டனில் பள்ளி திறந்து எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். அதே ஊரில் பிறந்தவர் டான் இனோசாண்டோ; புரூஸ் லீயின் மாணவர், ‘கேம் ஆஃப் டெத்’ படத்தில் அவரோடு கோல் பிடித்து மோதுபவர். தாத்தாவின் கலையைத் தாத்தாவின் மண்ணில் கற்க வந்திருந்தார் இளைஞர்.

மோதல் அரை நிமிடம் மட்டுமே. சென்னைக்காரர் அதுவரை கற்ற அத்தனையும் செய்தார். மணிக்கட்டைத் தட்டினார், ஒதுங்கினார், காவல் கையை இறக்கவே இல்லை. நிறுத்தியபோது சட்டையில் ஏழு சிவப்புக் கோடுகள். இரண்டு முன்கையில், ஒன்று கழுத்தோரம். அடுத்து ஆசிரியரே மாணவரின் இடத்தில் நின்றார். நாற்பது ஆண்டுப் பயிற்சி உள்ளவர். அவர் சட்டையிலும் இரண்டு கோடுகள் விழுந்தன. எல்லோரும் பார்க்கும்படி அவற்றைக் காட்டினார்.

“கத்தியை வெறுங்கையால் பிடுங்கிக் காட்டுபவர்கள் உங்களைக் கொல்லப் பாடம் நடத்துகிறார்கள்” என்றார். அவர் குரல் அதுவரை இல்லாத அளவுக்குக் கடுமையாக இருந்தது. “கேட்டால் பணப்பையை எறியுங்கள். இடையில் ஒரு நாற்காலி, ஒரு பை, எதுவானாலும் வையுங்கள். கத்துங்கள். கதவு எங்கே என்று உள்ளே நுழையும்போதே பாருங்கள். கை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: முதல் வெட்டு கழுத்துக்குப் போகாமல் ஒரு நொடி வாங்கித் தர வேண்டும். அந்த நொடியில், டாகன்!” செபு மொழியில், ஓடு.

மிச்சமிருந்த நாட்கள் அந்த ஒரு நொடிக்கே போயின. அடி வரும், இடக்கை உயரும், கால் கோணலாக விலகும், கொல்லையின் மரக்கதவு வரை ஓட்டம். திரும்பி வந்து மறுபடி. முப்பது முறை, நாற்பது முறை. வியர்வையில் பிரம்பு வழுக்கியது. ஒன்பதாம் நாள் முற்பகலில்தான், ஆசிரியர் ஒரு மணி நேரமாகத் தன் இடக்கையைத் தட்டவில்லை என்பது அவருக்கு உறைத்தது. ஆசிரியர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வேகத்தை மட்டும் ஒரு நூலிழை ஏற்றினார்.

கடைசி மாலை, நகரத்துக்குப் போகப் பயணிகள் வண்டியான ஜீப்னியில் ஏறினார். பின்பக்கம் உட்கார்ந்தவர்களின் கட்டணம் கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போகிறது. ஒவ்வொருவரும் ‘பாலிஹுக்’, தயவுசெய்து, என்று சொல்லி அடுத்த உள்ளங்கையில் காசை வைக்கிறார்கள். யாரோ ஒருவரின் எட்டு நாணயங்கள் அவர் கை வழியாகவும் போயின.

கோலோன் தெருவில் இறங்கிக் கூட்டத்தோடு நடந்தபோது, ஓரமாக இருவர் வந்த ஒரு பைக் அவரை உரசுவதுபோல் வந்தது. அவர் யோசிக்கவில்லை. இடக்கை கழுத்துக்கு முன்னால் இருந்தது. கால் சுவர்ப் பக்கம் ஓர் அடி விலகியிருந்தது. கண் அந்த இருவரின் கைகளில் இருந்தது. பின்னால் இருந்தவன் மடியில் ஒரு கேக் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தான். பைக் போய்விட்டது.

கை உடனே இறங்கவில்லை. அவர் அதைச் சற்று நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு பையைச் சுவர்ப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, புசோ கொத்துகள் தொங்கும் கடையை நோக்கி நடந்தார்.