பாடியா, லென்ஸா? - ஒரு பி.காம். கணக்கு

கேமரா வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு வியாதி வரும். வாங்கிய முதல் ஆறு மாசம் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவோம். ஒரு வருஷம் போனால் "இந்த பாடி கொஞ்சம் பழசோ?" என்று தோன்றும். ரெண்டாவது வருஷத்தில் படம் எடுக்கிற நேரத்தைவிட யூடியூபில் ரிவ்யூ பார்க்கிற நேரம் அதிகமாகிவிடும். இதற்கு ஆங்கிலத்தில் 'கியர் அக்விசிஷன் சிண்ட்ரோம்' என்று பெரிய பெயர் எல்லாம் இருக்கிறது. எங்க அம்மா வைத்திருக்கும் பெயர் சின்னது: திமிர் :-)

எனக்கும் அந்த வியாதி வந்தது. என்னிடம் இருப்பது கேனான் 700டி. 2013-ல் வந்த மாடல், 18 மெகாபிக்சல். கூடவே 18-55 கிட் லென்ஸ். ரெண்டுமே செகண்ட் ஹேண்ட். சனி, ஞாயிறுகளில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் டேலியில் என்ட்ரி போட்டுச் சேர்த்த பணம் கையில் 40,000 ரூபாய். அப்பா வேலை பார்க்கும் இடத்தில் ஷிஃப்டைக் குறைத்திருந்த வருஷம் அது. "உன் காசு, உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, இப்படிச் சொன்னால்தான் எனக்கு பயமே! கடைசி செமஸ்டர் ஃபீஸுக்கு ஏதாவது ஆனால் இந்தப் பணம்தான் என்று அவர் மனசில் இருந்தது எனக்கும் தெரியும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எங்க சொந்த ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதம் படிப்பதும் ராத்திரி கூத்தும் கட்டாயம். என் பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் வேஷம் கட்டுகிறார். துரியோதனன் வேஷம் என்றால் அந்தப் பக்கத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வயசு 63. கிரீடம், புஜக்கீர்த்தி, மார்புப் பதக்கம் என்று கட்டைச் சாமான் எல்லாம் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆட முழங்கால் இனி ஒத்துக்கொள்ளாது, அதனால் இந்த சீசனோடு பெரிய வேஷம் போதும் என்று சொல்லிவிட்டார். அவர் வேஷத்தில் இருக்கிற நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. கல்யாண ஆல்பத்தில் இருப்பதோடு சரி.

ஆக, 40,000 ரூபாய், ஒரு சீசன். பாடியா? லென்ஸா?

நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் "மிர்ரர்லெஸுக்குப் போடா" என்றார்கள். காரணம் இல்லாமல் இல்லை. கேனான் 2018-லேயே ஆர்.எஃப். மவுன்ட்டைக் கொண்டுவந்துவிட்டது. அதே வருஷம் நிக்கான் இசட் மவுன்ட். சோனியோ 2010-லிருந்தே இ மவுன்ட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. புது லென்ஸ், புது டெக்னாலஜி எல்லாம் அந்தப் பக்கம்தான். டி.எஸ்.எல்.ஆரில் இன்னமும் காசு போடுவது மூடப்போகிற கடையில் சீட்டு கட்டுவது மாதிரி என்றான் ஒருத்தன்.

நான் பார்த்து வைத்திருந்த மிர்ரர்லெஸ் கிட்டுக்கு என் 40,000 போக இன்னும் 20,000 ரூபாய்க்கு மேல் தேவை. "நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கே" என்றார் கடைக்காரர். மக்களே, காமர்ஸ் படிக்கிறவனிடம் இதைச் சொல்லலாமா? பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. வட்டியைத் தள்ளுபடி என்ற பெயரில் அட்ஜஸ்ட் செய்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ப்ராசஸிங் ஃபீஸ் எல்லாம் நம் தலையில். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் போச்சு.

சரி, கணக்குக்கு வருவோம். முந்தின வருஷம் எடுத்த கூத்துப் படங்களில் 400-ஐ எடுத்து எக்செல்லில் போட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் எந்த எம்.எம்.மில் இருந்தது, அபெர்ச்சர் என்ன, ஷட்டர் ஸ்பீடு என்ன, ஐ.எஸ்.ஓ. என்ன என்பதெல்லாம் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். கடைசியில் ஒரே ஒரு காலம் மட்டும் நானாகச் சேர்த்தேன்: 'ஏன் தேறவில்லை?'

பதில் தெளிவாக வந்தது. தேறாத படங்களில் பெரும்பாலானவை அசைந்து போனவை. மெகாபிக்சல் போதவில்லை என்று ஒன்றுகூட இல்லை. முக்கால்வாசிப் படம் 45-லிருந்து 55 எம்.எம்.முக்குள். நான் ஜனங்களோடு மணலில் உட்கார்ந்துதான் எடுக்கிறேன், கூத்துக் களத்துக்குள் போக முடியாது. அதனால் ஜூமை முழுசாக இழுத்துதான் எடுத்திருக்கிறேன். அந்த இடத்தில் என் கிட் லென்ஸ் திறப்பது எஃப் 5.6 வரைதான். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 3200 வைத்தால் கிடைப்பது 1/30 நொடி. துரியோதனன் 1/30 நொடி அசையாமல் நிற்பானா? அவன் என்ன பாஸ்போர்ட் போட்டோவுக்கா நிற்கிறான்!

ஃப்ளாஷ் போடலாமே என்பீர்கள். கட்டைச் சாமான் முழுக்கச் சின்னச் சின்ன கண்ணாடித் துண்டு பதித்திருக்கும். ஃப்ளாஷ் அடித்தால் அத்தனையும் வெள்ளைப் புள்ளியாகி, அரிதாரம் பூசிய முகமும் சப்பையாகிவிடும். அதைவிட முக்கியம், ஆடுகிறவர் கண்ணில் அடிக்கக் கூடாது.

இப்போது எஃப் நம்பர் கணக்கு. உள்ளே வரும் வெளிச்சம் எஃப் நம்பரின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதம். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 3.1. வர்க்கம் எடுத்தால் 9.7. அதாவது 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, என் கிட் லென்ஸைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மூன்று ஸ்டாப்புக்கும் மேல்!

மிர்ரர்லெஸ் பாடி என்ன தரும்? நண்பன் ஒருத்தனின் புது கேமராவை வாங்கி ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ரெண்டிலும் எடுத்துப் பார்த்தேன். இரைச்சலைப் பொறுத்தவரை என் கண்ணுக்குப் புதுசு ஒரு ஸ்டாப் நல்லது. ஆனால் அதோடு வந்த 18-45 கிட் லென்ஸ் எஃப் 4.5-6.3. இழுத்துவிட்டால் 6.3, என் பழைய லென்ஸைவிட இருட்டு. பாடி ஒரு ஸ்டாப் கொடுக்கிறது, லென்ஸ் அதில் மூன்றில் ஒரு பங்கைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. சம்பளத்தில் டி.டி.எஸ். பிடிக்கிற மாதிரி.

அடுத்து தேய்மானம். வருமான வரி விதிப்படி கணினிக்கு வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் எழுதலாம், பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம். என் சித்தாந்தம் என்னவென்றால், கேமரா பாடி ஒரு கணினி, லென்ஸ் ஒரு இயந்திரம். பாடிக்குள் இருப்பது சென்சாரும் ப்ராசஸரும். அடுத்த மாடல் வந்த அன்றைக்கே விலை இறங்கும். லென்ஸ் கண்ணாடியும் இரும்பும் பிளாஸ்டிக்கும்தான். ஃபங்கஸ் வராமல் வைத்துக்கொண்டால் வாங்கிய விலைக்குப் பக்கத்திலேயே விற்கலாம். (இந்தச் சித்தாந்தத்தைப் பரீட்சையில் எழுதினால் மார்க் வராது, நான் பொறுப்பில்லை.)

'மூடப்போகிற கடை' வாதத்துக்கும் பதில் இருக்கிறது. கேனானின் இ.எஃப். மவுன்ட் 1987-லிருந்து இருக்கிறது. அந்த லென்ஸ்களை ஒரு அடாப்டர் போட்டு ஆர்.எஃப். பாடியில் ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். எதிர்ப்பக்கம் முடியாது, ஆர்.எஃப். லென்ஸ் என் 700டி-யில் உட்காராது. அதனால் இன்றைக்கு இ.எஃப். லென்ஸ் வாங்கினால் நாளைக்கு பாடி மாற்றினாலும் அது கூடவே வரும். முதலில் லென்ஸ், பிறகு பாடி என்ற வரிசையில் போனால் எதுவும் வீணாகாது.

ஆக, 2015-ல் வந்த 50 எம்.எம். எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸை செகண்ட் ஹேண்டில் 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். மூடி இறுக்கமாக இருக்கிற ஒரு பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், இன்னொரு பேட்டரி எல்லாம் சேர்த்து 1,700. மீதி 31,800 அப்படியே பேங்கில். அப்பாவிடம் பாஸ்புக்கைக் காட்டினேன். "ம்" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு.

இந்த லென்ஸோடு கூத்து எடுத்ததில் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். மேடை, கல்யாணம், கச்சேரி எடுப்பவர்களுக்கும் உதவும்.

முதலாவது, எஃப் 1.8-ஐ முழுசாகத் திறந்து வைக்க வேண்டிய அவசியமில்லை. 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 10 செ.மீ.தான். கண் தெளிவாக இருந்தால் கிரீடம் மங்கும். 5 மீட்டரில் அது முக்கால் மீட்டருக்குக் கிட்ட வந்துவிடும். நான் பெரும்பாலும் எஃப் 2.2 வைத்தேன். 1/100 நொடி, ஐ.எஸ்.ஓ. 1600. பழைய 1/30, 3200-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரெண்டாவது, ஏன் 1/100? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 தடவை மின்னும். ஷட்டரை 1/250 என்று வேகமாக்கினால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும், நிறமும் படத்துக்குப் படம் மாறும். 1/50 அல்லது 1/100-ல் அந்தத் தொல்லை இல்லை. வேஷக்காரர் சுழன்று ஆடும்போது 1/100 போதாது, அசையும். அசையட்டும். அவர் நின்று பாட ஆரம்பிக்கும் அந்த நொடிக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குக் கூத்து தெரிந்திருக்க வேண்டும், காசு கொடுத்து வாங்க முடியாது.

மூன்றாவது, இது ஜூம் இல்லாத லென்ஸ். 700டி-யின் சென்சார் சின்னது, 1.6 கணக்கு போட்டால் 80 எம்.எம். மாதிரி தெரியும். மொத்தக் களமும் வேண்டுமென்றால் எழுந்து பின்னால் போக வேண்டும். ஒரே லென்ஸா என்று முகம் சுளிக்காதீர்கள். கார்ட்டியே-ப்ரெஸோன் பெரும்பாலும் ஒரு லைக்கா, ஒரு 50 எம்.எம். என்றே வேலை பார்த்தவர். 1948-ல் காந்தியின் இறுதி ஊர்வலத்தைப் படம் எடுத்தவர் அவர். (என்னை அவரோடு ஒப்பிடவில்லை சாமி!)

அந்த சீசனில் ஆறு ராத்திரி போனேன். பெரியப்பாவின் படங்களில் எனக்குப் பிடித்தது திரை விலகுகிற நேரத்தில் எடுத்தது. ரெண்டு பேர் திரையைப் பிடித்திருக்கிறார்கள், மேலே கிரீடம், பக்கத்தில் பாதி முகம். சிவப்பு அரிதாரத்துக்கு நடுவில் கண் தெளிவாக இருக்கிறது. பிரிண்ட் போட்டு ஃப்ரேம் மாட்டிக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இன்னாடா, நான் இவ்ளோ கோவமாவா நிப்பேன்?" என்றார். பெரியம்மா உள்ளே இருந்து, "தினமும் வூட்ல பாக்கற மூஞ்சிதான்" என்றார். முப்பது வருஷமாக ஜனங்கள் பார்த்த முகத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

இதையெல்லாம் சொல்வதால் எல்லோரும் லென்ஸ்தான் வாங்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பறவை எடுப்பவருக்கு, ஓடுகிற குழந்தையை எடுப்பவருக்கு, வீடியோ எடுப்பவருக்குப் புது பாடியின் கண்ணைப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் பெரிய வித்தியாசம். சத்தமில்லாத ஷட்டர் வேண்டியவர்களும் உண்டு. அவர்கள் எக்செல்லில் கடைசிக் காலம் வேறு பதில் சொல்லும், அவ்வளவுதான்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களுக்கு ரெண்டு வரி. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் ஃபங்கஸ். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடி வைத்திருப்பவர்கள் கவனம்: அதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 எம்.எம். எஃப் 1.8டி வாங்கினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, ஏ.எஃப்-எஸ். என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். புதுசு வாங்கினால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இல்லையென்றால் வாரண்டி கேட்டு எங்கேயும் போக முடியாது.

மற்றபடி, கடைக்குப் போகும் முன் உங்கள் தேறாத படங்களில் ஒரு நூறை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 'ஏன்' என்று எழுதிப் பாருங்கள். ஒரு ராத்திரி வேலை, செலவு பூஜ்யம். இது மட்டும் நிஜமாகவே நோ காஸ்ட்!