எந்தப் பத்தியில் எழுதுவது?

இத்தாலி போய்வந்த நண்பர் ஒயின் பாட்டில் ஒன்றைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். ரோஜாப்பூ வாசனை, கூடவே லேசாக மிளகு நெடி. 'சென்ட் ஏதாச்சும் கலந்துட்டானா?' என்றேன். இல்லையாம். ருக்கே என்ற திராட்சைக்கே அந்த மணமாம்.

வட இத்தாலியில் ஆஸ்தி பக்கம் காஸ்தான்யோலே மொன்ஃபெராத்தோ என்று ஒரு சின்ன ஊர். அதையும் சேர்த்து ஏழே ஊர்களில்தான் இந்தச் சிவப்பு ஒயின் தயாராகிறது. ஒரு காலத்தில் அதுவும் இல்லாமல் போக இருந்தது. விவசாயிகளுக்குச் சோறு போட்டது பார்பெரா திராட்சை. ருக்கே, வீட்டு விசேஷத்துக்கு மட்டும் ஓரமாக நாலு கொடி.

1964-ல் அந்த ஊர் சர்ச்சுக்குப் பாதிரியாராக வந்தார் ஜாக்கொமோ கவுதா. சர்ச் தோட்டத்தில் கவனிப்பாரில்லாமல் கிடந்த ருக்கே கொடிகளைப் பார்த்தார். நான் பி.காம். என்னைக் கேட்டிருந்தால், 'பிடுங்கிப் போட்டுட்டு பார்பெரா நடுங்க ஃபாதர்' என்று கூசாமல் சொல்லியிருப்பேன். நல்லவேளை, அவர் பக்கத்தில் நான் இல்லை! பூசை நேரம் போக மற்ற நேரமெல்லாம் தோட்டத்தில் இறங்கி உழைத்தார். ருக்கேயைத் தனியாகப் பிழிந்து பாட்டிலில் அடைத்தார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது.

1987-ல் அரசாங்கம் டி.ஓ.சி. என்ற தரச்சான்று கொடுத்தது. 2010-ல் டி.ஓ.சி.ஜி. இத்தாலியில் ஒயினுக்கு அதற்கு மேல் அந்தஸ்து கிடையாது.

வரவு எழுதவும், செலவு எழுதவும் கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வாசனை உலகத்தை விட்டே போய்விட்டால், அதை எந்தப் பத்தியில் எழுதுவது? உங்களுக்காவது யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?