எல்லா உயிரும் முக்கியம் என்கிறவர்களிடம்

முழக்கங்கள் மீது ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. நாலு வார்த்தையில் எல்லாவற்றையும் சுருக்கிவிடுகிறீர்கள், ஆற அமர உட்கார்ந்து பேசினால் என்ன என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் இதுவரை எங்களுக்கு நாற்காலி போட்டதில்லை, அது ஒருபுறம் இருக்கட்டும். இத்தனை வருடம் தெருவில் நின்றதில் நாங்கள் கண்டது வேறு. ஒரு முழக்கத்தின் கூர்மை, அதற்கு எதிராகக் கிளம்பும் முழக்கத்தில்தான் தெரியும்.

1966 ஜூனில் மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட் நகரில் ஸ்டோக்லி கார்மைக்கேல் 'பிளாக் பவர்' என்று முழங்கினார். கறுப்பர்களுக்கு அதிகாரம் வேண்டும் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஆனால் மார்ட்டின் லூதர் கிங்கே அந்தச் சொல்லைக் கேட்டுத் தயங்கினார். வெள்ளையர் பத்திரிகைகள் பதறின. அதே ஆண்டு அமெரிக்க நாஜிக் கட்சித் தலைவர் ராக்வெல் 'வொயிட் பவர்' என்று பதில் முழக்கம் வைத்தார். இரண்டும் ஒரே வாய்பாடுதானே என்று கேட்ட நடுநிலைவாதிகள் அன்றும் இருந்தார்கள். ஓட்டுப் போடப் போனால் அடிவாங்கியவர்கள் கேட்ட அதிகாரமும், அடித்தவர்கள் கையில் ஏற்கெனவே இருந்த அதிகாரமும் எப்படி ஒன்றாகும் என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 2012 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். கையில் ஆயுதம் இல்லை. சுட்டவர் 2013 ஜூலையில் விடுதலையானார். அந்தத் தீர்ப்பின் வேதனையில் அலிசியா கார்சா, பாட்ரிஸ் கல்லர்ஸ், ஓப்பல் டொமெட்டி என்ற மூன்று கறுப்பினப் பெண்கள் தொடங்கியதுதான் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்'. உடனே பதில் வந்தது: 'ஆல் லைவ்ஸ் மேட்டர்'. எல்லா உயிரும் முக்கியம். 2015-இல் அதிபர் வேட்பாளராக நின்ற மார்ட்டின் ஓமாலி ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது அங்கேயே கூச்சலிட்டு எதிர்த்தார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டார். அவர் முற்போக்கு அணியில் நின்றவர். அதனால்தான் இந்தப் பதில் ஆபத்தானது. கெட்டவன் வாயிலிருந்து மட்டும் வந்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம். இது நல்லவர் வாயிலிருந்தும் வரும்.

எல்லா உயிரும் முக்கியம் என்பதில் என்ன தப்பு என்று எங்களிடம் பல இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். நமது மொழியிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' என்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'கறுப்பர் உயிரும் உயிர்தான்' என்றுதான் நம் வாயில் வரும். அந்த 'உம்' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த 'உம்' வெளியே தெரியாது, சொல்லுக்குள் மறைந்திருக்கிறது. எதிர்த்தவர்கள் அந்த இடத்தில் 'மட்டும்' என்ற சொல்லைப் போட்டுப் படித்தார்கள். 'கறுப்பர் உயிர் மட்டும்' என்று யாரும் சொல்லவே இல்லை. சொல்லாத 'மட்டும்' அவர்கள் காதில் மட்டும் ஏன் விழுகிறது? இதுவரை எல்லாம் தங்களுக்கு மட்டும் என்று வைத்துப் பழகியவர்களுக்கு, இன்னொருவர் 'எனக்கும்' என்றாலே 'எனக்கு மட்டும்' என்றுதான் கேட்கும். ஊர்ப் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை கேட்டபோது 'கிணற்றையே பிடுங்க வருகிறார்கள்' என்று சொன்னவர்களை நாம் பார்க்காதவர்களா?

அடுத்து வந்தது 'புளூ லைவ்ஸ் மேட்டர்'. 2014 டிசம்பரில் நியூயார்க்கில் இரண்டு போலீசார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பரவிய முழக்கம். அந்தக் கொலை கொடுமைதான், அதை நியாயப்படுத்த எங்களிடம் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் நீலம் ஒரு சீருடை. வேலை முடிந்தால் கழற்றி ஆணியில் மாட்டலாம். கறுப்புத் தோலை எங்கே மாட்டுவது? போலீசைக் கொன்றவனை விட்டுவிடும் சட்டம் அந்த நாட்டில் எங்கும் இருந்ததில்லை. அப்படியிருந்தும் 2016-இல் லூசியானா மாநிலம், வெறுப்புக் குற்றங்களுக்கான சட்டத்தில் போலீசாரையும் பாதுகாக்கப்பட வேண்டியவர்களாகச் சேர்த்தது. எதிர் முழக்கம் சட்டமாகவும் மாறும் என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே 2014-இல் நியூயார்க் தெருவில் போலீஸ் பிடியில் எரிக் கார்னர் 'மூச்சு விட முடியவில்லை' என்று பதினொரு முறை சொல்லிச் செத்தார். அது முழக்கமானது. போலீஸ் ஆதரவாளர்கள் சிலர் 'என்னால் மூச்சு விட முடிகிறது' என்று எழுதிய சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். இதைவிட நேர்மையான எதிர் முழக்கத்தை நாங்கள் பார்த்ததில்லை. ஆமாம், உங்களால் முடிகிறது. பிரச்சினையே அதுதான்.

எங்களுக்கு மிக நெருக்கமான முழக்கம் இன்னும் பழையது. 1968 பிப்ரவரியில் மெம்ஃபிஸ் நகரில் குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இரண்டு கறுப்பினத் தூய்மைப் பணியாளர்கள் இறந்தார்கள். சுமார் 1300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் ஏந்திய தட்டியில் இருந்தது இவ்வளவுதான்: 'நான் ஒரு மனிதன்'. அந்தப் போராட்டத்துக்கு ஆதரவாக வந்த இடத்தில்தான் ஏப்ரல் 4-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். குப்பை அள்ளுகிறவர், வளர்ந்த ஆண், 'டேய் பையா' என்று அழைக்கப்படுகிறவர், 'நான் மனிதன்' என்று எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. இதை நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பகுதியில் ஒரு குடியிருப்பின் மலக்குழியில் இறங்கிய இருவர் விஷவாயு தாக்கி இறந்தார்கள். மறுநாள் ஆர்ப்பாட்டத்துக்குத் தட்டி எழுதிக்கொண்டிருந்தோம். தொழிற்சங்கத்தில் இருக்கும் ஒரு அண்ணன் வந்தார். நல்ல மனிதர், எங்களோடு பல போராட்டங்களில் நின்றவர். "ஏன் தம்பி சாதியப் போடுறீங்க? தொழிலாளர் உயிர்னு எழுதுங்க, எல்லாரும் வருவாங்க" என்றார். எங்கள் தோழர் ஒருவர் தூரிகையைக் கீழே வைக்காமலே கேட்டார்: "எல்லாரும் வருவாங்கண்ணே. குழிக்குள்ள எல்லாரும் வருவாங்களா?" அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே ஒரு தட்டியைப் பிடித்துக்கொண்டு காவல் நிலையம் வரை வந்தார்.

காவல் நிலையத்தில்தான் அந்தக் கேள்வியின் முழு எடையும் தெரிந்தது. முதல் தகவல் அறிக்கையில் 'அஜாக்கிரதையால் மரணம்' என்று போட்டிருந்தார்கள். இறந்தவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து எதற்காக அழைத்து வரப்பட்டார்கள் என்ற வரி இல்லை. 2013-ஆம் ஆண்டு கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் இல்லை. பட்டியலினத்தவரைக் கையால் மலம் அள்ளவைப்பதைக் குற்றமாக்கிய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இல்லை. அந்தப் பிரிவு இல்லையென்றால் துணைக் கண்காணிப்பாளர் விசாரிக்க வேண்டியதில்லை, சிறப்பு நீதிமன்றம் இல்லை, அச்சட்டத்தின் கீழான நிவாரணமும் இல்லை. 'எல்லா உயிரும் ஒன்றுதானே' என்ற தத்துவம் ஒரு காகிதத்தில் இப்படித்தான் இறங்குகிறது. நாள் முழுக்க உட்கார்ந்திருந்து பிரிவுகளைச் சேர்க்கவைத்தோம்.

2020 மே 25-ஆம் தேதி மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். உலகமே பொங்கியது. இந்தியாவின் நடுத்தர வர்க்கமும் பொங்கியது, கறுப்புச் சதுரத்தை முகப்புப் படமாக வைத்தது. நல்லதுதான். ஆனால் சில மாதங்களில் ஹாத்ரஸ் நடந்தபோது, நாங்கள் 'தலித் உயிரும் உயிர்தான்' என்றதும், அதே ஆட்கள் 'பெண் என்று பாருங்கள், சாதி எதற்கு' என்றார்கள். கடல் தாண்டினால் நிறவெறி. வாசல்படியில் என்றால் 'இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?' இந்த ஊரின் 'ஆல் லைவ்ஸ் மேட்டர்' இதுதான். 'எல்லாரும் தமிழர்தானே', 'எல்லாரும் இந்துதானே' என்பவை அதன் உடன்பிறப்புகள். பிறப்பில் வேறுபாடில்லை என்ற வள்ளுவரையே எடுத்து எங்கள் வாயை அடைக்கப் பார்ப்பார்கள். வள்ளுவர் யாரைப் பார்த்து அதைச் சொல்லியிருப்பார் என்று ஒரு நிமிடம் யோசிக்க மாட்டார்கள்.

அமெரிக்காவிலிருந்து முழக்கத்தைக் கடன் வாங்குகிறோம் என்று கேலி செய்கிறவர்களுக்கும் ஒன்று. 1946-இலேயே அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், அவரும் பதில் எழுதினார். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ், கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை ஏற்றுப் பிறந்தது. 2001-இல் டர்பன் மாநாட்டில் சாதியையும் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் போய் நின்றன. சாதி வேறு, இனம் வேறு என்று இந்திய அரசு தடுத்தது. இது உறவு, கடன் அல்ல. கூடவே, 'கற்பி, ஒன்றுசேர், போராடு' என்பதும் 'அடங்க மறு, அத்து மீறு' என்பதும் இந்த மண்ணில் எங்கள் வாயிலேயே இருக்கின்றன.

முழக்கத்தால் மட்டும் எதுவும் முடிந்துவிடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு அருகே 2020-இல் தெரு நீளத்துக்கு மஞ்சள் எழுத்தில் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' என்று எழுதினார்கள். 2025 மார்ச்சில் அதைப் பெயர்த்தெடுத்தார்கள். சாலையில் எழுதியதைப் பெயர்க்கலாம். வழக்கில் எழுதியதைப் பெயர்ப்பது அவ்வளவு எளிதல்ல. மலக்குழி மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், அந்தக் குடும்பங்களும் இயக்கங்களும் பல ஆண்டுகள் எழுதி எழுதிப் பெற்றதுதான்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை உங்கள் ஊரில் ஒரு சாவு நடந்து, 'எல்லா உயிரும் முக்கியம்' என்று யாராவது சமாதானம் சொன்னால் வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சரி அண்ணே, எல்லா உயிரும் முக்கியம் என்றால் வாங்க, காவல் நிலையத்துக்குப் போய் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம் என்று கூப்பிடுங்கள். வருகிறவர் நம்மவர்.

ஜெய் பீம்.