மணமும் மணங்காட்டும் முதலும்

மலரைப் பறிப்போர் அதனை முகரலாகாது என்பது பூத்தொண்டின் முதல் விதி. வைகறையில் நீராடி, வாயைத் துணியாற் கட்டி, பூக்குடலையோடு சென்ற சிவகாமியாண்டாரது வரலாற்றை எறிபத்த நாயனார் புராணத்திற் கற்றார் யாவரும் அறிவர். எளியேனும் எங்களூர்ச் சிவாலயத்துத் திருநந்தவனத்தில் முப்பதாண்டுகளாக வாயும் மூக்கும் மறையத் துணி கட்டியே மலர் கொய்து வருகின்றேன். அத்துணியைக் குறித்து எனக்குட் சிறிது செருக்கும் இருந்தது என்பதை இங்கே மறைத்தல் தகாது.

2021-ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவிய காலத்து யானும் அந்நோய்ப்பட்டேன். காய்ச்சல் நீங்கிற்று, ஆயின் மணமறியும் ஆற்றலும் அதனோடு நீங்கிற்று. மல்லிகை வெண்ணிறக் காகிதம் போலாயிற்று. திருநீறும் கர்ப்பூரமும் நெய்விளக்கும் மணமற்றன. மூக்கின் மேற்புறத்தேயுள்ள நுண்ணிய நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் அணுக்களை அந்நோய்க் கிருமி தாக்குதலின் இது நிகழும் என்றும், அவை மெல்ல மெல்லத் தளிர்த்தல் கூடும் என்றும் மருத்துவர் கூறினார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் ஆகிய நான்கனையும் நாள்தோறும் இருவேளை முகர்ந்து பழகுமாறும் பணித்தார். ரோஜாவைக் கடைத்தெருவில் விலைக்கு வாங்கினேன். நந்தவனத்து மலரைத் தொடவில்லை. திங்கள் பல கழிந்தும் பயன் காணேன்.

அக்காலத்தும் வைகறையில் துணியைக் கட்டியே சென்றேன். ஒருநாள் அஃது அவிழ்ந்து வீழ்ந்தது. கட்டினும் அவிழ்ப்பினும் எனக்கு ஒன்றே என்பது அப்பொழுதுதான் விளங்கியது. துய்த்தற்கு ஒன்று உளதாயவழியன்றோ துறத்தல் பொருளுடைத்தாகும்! முப்பதாண்டுகளாக இறைவனுக்கென்று யான் விட்டுக்கொடுத்ததாக எண்ணிய இன்பமும் அவன் தந்ததேயென்பதை, அதனை இழந்த பின்னரே அறிந்தேன்.

அடுத்த மார்கழியில், ஜெர்மனி நாட்டுக் கொலோன் நகரில் வாழும் என் தம்பி மகன் ஊருக்கு வந்தான். ‘பெரியப்பா, இஃது அந்நகரத்துப் பொருள், நீங்கள் பூசிக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு சிறு புட்டியைத் தந்தான். நம் நாட்டார் ஓடிகோலோன் என வழங்கும் நறுமணநீரே அது. இத்தாலியிற் பிறந்து கொலோன் நகரிற் குடியேறிய ஜொஹான் மரியா பாரினா என்பார் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை இயற்றி, தமக்கு வாழ்வளித்த நகரின் பெயரையே அதற்கு இட்டார். 1709-இல் தொடங்கிய அக்குடும்ப வாணிகம் இன்றும் நடைபெறுகின்றது. பெர்காமட் என்னும் எலுமிச்சையினக் கனியின் தோலைப் பிழிந்த எண்ணெயும், கசப்பு நாரத்தை மலரை வடித்தெடுத்த நெரோலி என்னும் எண்ணெயும் இவ்வகை நறுநீரிற் சிறந்த உறுப்புக்களாம். தோலின் மணம் விரைந்து எழுந்து விரைந்து மறையும்; மலரின் மணம் அதன்பின் சிறிதுநேரம் தங்கும்.

அன்புடையான் மனம் வருந்தலாகாதென்று மணிக்கட்டில் இருதுளி தடவினேன். சிறிது பொழுதில், நெடுந்தொலைவில் ஒருவர் எலுமிச்சைத் தோலை உரித்தாற் போல ஒரு மெல்லிய மணம்! பிழையோ என்று ஐயுற்றேன். அது தேய, நாரத்தை மரம் பூத்த முற்றத்தின் மணம் தோன்றியது. கண்ணீர் பெருகிற்று. உடனே நாணமும் வந்தது. கொன்றையும் மல்லிகையும் மீட்டுத் தராத புலனை ஒரு புட்டிநீர் மீட்டுத் தந்ததே!

மறுநாளும் அதனைப் பூசிக்கொண்டே ஆலயத்துக்குச் சென்றேன். மாலை தொடுத்துக் கொடுத்தேன். அருகே நின்ற மூதாட்டியார் ஒருவர், ‘ஐயா, இன்றைத் திருப்பள்ளித்தாமம் என்ன மணம் மணக்கிறது!’ என்றார். மணந்தது மாலையன்று, என் கை. அதனைச் சொல்லாது புன்முறுவல் செய்து நின்றேன். இறைவனுக்கு உரிய மாலையின் பேரால் என் மேனியின் பூச்சுக்குப் புகழ் கொண்டேன். திருவாரூரில் பூமண்டபத்தருகே வீழ்ந்த மலரை எடுத்து முகர்ந்த பல்லவர் தேவியை எண்ணினேன். செருத்துணையார் அவள் மூக்கை அரிந்தார். கணவராகிய கழற்சிங்கரோ மலரை எடுத்த கையன்றோ முதற்கண் குற்றஞ்செய்தது என்று அதனைத் தடிந்தார். அவ்வம்மை கொண்டது ஒரு மலரின் மணம். யான் கொண்டதோ மாலை முழுவதன் பெயர். அன்றிரவு துயில் கொள்ளவில்லை. மறுநாள் அம்மூதாட்டியாரைத் தேடி உண்மையை உரைத்தேன். அவர் நகைத்து, ‘மூக்கு வந்ததே, அது போதும், அவன் எதனைக்கொண்டு தந்தால் என்ன?’ என்றார்.

அவ்வெளிய சொல் எனக்கு மெய்கண்டதேவரின் பதினோராஞ் சூத்திரத்துக்கு உரையாயிற்று. கண் தானே காணாது. உயிர் காட்டக் காணும். உயிரும் தானே அறியாது. முதல்வன் காட்டக் காணும். அவன் உடனின்று காண்டலும் செய்வான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இவற்றை நம் ஆசிரியர் வகுத்தனர். மலரில் மணம் இருந்தது. முகத்தில் மூக்கு இருந்தது. உள்ளே யானும் இருந்தேன். எனினும் மணம் புலனாயிற்றில்லை. இம்மூன்றும் கூடியிருந்தும் நிகழாத அறிவு ஒருநாள் நிகழ்ந்ததாயின், அதனை நிகழ்த்தியது இவற்றுள் ஒன்றாதல் யாங்ஙனம்? அணுக்கள் தளிர்த்தமையாலன்றோ எனின், ஆம்; கருவி பழுதுறுதலும் செப்பமுறுதலும் மாயையின்பாற்பட்டன. அக்கருவியைக் கூட்டுவித்து உயிருக்கு அறிவை விளக்குவது திருவருள்.

பிறிதொன்றும் கண்டேன். பூசிக்கொண்டவனுக்குச் சிறிதுபொழுதில் அம்மணம் தோன்றாதொழிகின்றது, அருகிருப்பவர்க்கோ தோன்றுகின்றது. இடையறாது உள்ளதை மூக்கு இல்லதாகக் கொள்கின்றது. உயிரோடு பிரிவின்றி நிற்கும் முதலை யாம் உணராதிருத்தற்கு ஆணவமே காரணம் என்பது சித்தாந்தத் துணிபு. எனினும், அணுக்கமானதே அறியப்படாது போதற்கு இவ்வனுபவம் ஓர் எளிய உவமையாகும்.

அப்புட்டி தீர்ந்துவிட்டது. வீட்டில் ஓய்வு நாட்களில் மட்டுமே பூசினேன். தொண்டு செய்யும் நாளில் பூசிற்றிலேன். பொருளிற் குற்றமில்லை, அதனைப் பூசிய என்பால் குற்றம் நேர்ந்தமையின் அவ்வரையறை செய்துகொண்டேன். இப்பொழுது மல்லிகையின் மணம் பாதியளவு மீண்டுளது. வைகறையில் துணியை எடுக்குங்கால் காற்றில் அது வரும். வந்ததை அறிந்து, வணங்கி, பின்னரே துணியைக் கட்டுகின்றேன். முன்னிருந்த செருக்கு அம்முடிச்சில் இப்போது இல்லை.

திருச்சிற்றம்பலம்.