வரிக்குதிரை பார்க்கப் போகும் தோழர்களுக்கு

வெளிநாட்டில் இன்டர்ன்ஷிப் கிடைத்த மாணவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ரெண்டு மாசம் வேலை. முடிஞ்சதும் நாலு நாள் சஃபாரி போயிட்டு வரலாம்னு இருக்கோம். தப்பில்லையே?" சிலருக்கு அது கென்யா, சிலருக்குத் தான்சானியா, சிலருக்கு உகாண்டா. நாடு மாறினாலும் கடைசியில் வரும் அந்தத் "தப்பில்லையே" மட்டும் மாறுவதில்லை.

வசதியான வீட்டுப் பிள்ளைகள் யாரும் இப்படி அனுமதி கேட்பதில்லை. படிப்பு, வேலை, ஊர் சுற்றல் எல்லாம் அவர்களுக்கு ஒரே பயணத்தின் பகுதிகள். நம் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால்தான் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது: "உதவித்தொகையில படிக்கப் போனவங்களுக்கு உல்லாசம் எதுக்கு?" சில நேரம் அந்தக் குரல் நம் வீட்டுக்குள்ளிருந்தும் வரும். கம்மலை அடகு வைத்து விமானம் ஏற்றிவிட்ட அம்மாவிடம் யானை பார்க்கப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். போங்கள். போகிற நிலத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஊர் சுற்றிப் பார்ப்பது நமக்கு எப்போதும் அரசியலாகத்தான் இருந்திருக்கிறது. 1934-ல் பாபாசாகேப் அம்பேத்கர் முப்பது பேர் கொண்ட குழுவோடு எல்லோரா குகைகளைப் பார்க்கப் புறப்பட்டார். வழியில் தௌலதாபாத் கோட்டை. பயணக் களைப்புத் தீர வாசலருகே இருந்த குளத்தில் கை, கால், முகம் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டதென்று ஆட்கள் கூடிச் சண்டைக்கு வந்தார்கள். கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய காவலர் உடன்வரத்தான் உள்ளே போக முடிந்தது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துப் பட்டம் வாங்கிய பிறகும் சொந்த நாட்டில் ஒரு சுற்றுலா அவருக்கு இப்படித்தான் அமைந்தது. பார்க்கத் தகுந்ததைப் போய்ப் பார்க்கும் உரிமை நமக்குச் சும்மா வந்ததல்ல. அதைக் கூச்சத்தோடு பயன்படுத்த வேண்டியதில்லை.

இனி எங்கள் அனுபவம். நாங்கள் மூன்று பேர், வடக்குத் தான்சானியாவின் அருஷா நகரில் எட்டு வாரம் இன்டர்ன்ஷிப் செய்தோம். கிளிமஞ்சாரோ மலையேற்றத்துக்கும் செரெங்கெட்டி சஃபாரிக்கும் கிளம்புகிறவர்கள் வந்து குவியும் ஊர் அது. எங்களை அனுப்பிவைத்த ஏற்பாட்டு நிறுவனம் முதல் மின்னஞ்சலிலேயே "சாகசத் தொகுப்பு" ஒன்றையும் சேர்த்து விலை சொன்னது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், சிங்கம், மலை எல்லாம் ஒரே பட்டியலில், ஒரே எழுத்தளவில் இருந்தன. ஏழைகளுக்குச் சேவை செய்வதும் விலங்குகளைப் பார்ப்பதும் ஒரே கடைச் சரக்கு என்பது போல.

நாங்கள் அந்தத் தொகுப்பை எடுக்கவில்லை. எட்டு வாரமும் வேலையைப் பார்த்தோம். முடிகிற தறுவாயில் அருஷாவிலேயே விசாரித்து, வேறு ஊர்களிலிருந்து வந்த மாணவர்களோடு ஒரு ஜீப்பைப் பகிர்ந்துகொண்டோம். செலவு கணிசமாகக் குறைந்தது. ஆனாலும் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய மட்டும் வெளிநாட்டவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 60 டாலருக்கு மேல். எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்குத் தனியாக 200 டாலருக்கு மேல். ஆறு பேர் சேர்ந்தால்தான் நம்மைப் போன்றவர்களுக்குத் தாங்கும். இன்னொன்று: சுற்றுலா விசாவில் இறங்கி இன்டர்ன்ஷிப் செய்யாதீர்கள். மாணவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் அங்கே தனி அனுமதி உண்டு. அதை எழுத்தில் வாங்கித் தராத நிறுவனத்தை நம்பாதீர்கள். மாட்டினால் சிக்கல் நமக்குத்தான்.

பார்த்ததைப் பற்றிக் குறைத்துச் சொல்ல மாட்டோம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள் மழையைத் தேடி ஆண்டு முழுவதும் சுற்றிவரும் சமவெளி அது. அவற்றோடு கலந்து வரிக்குதிரைகள் நடந்து போவதை வண்டியின் திறந்த கூரை வழியே பார்த்தோம். எங்களில் ஒருவர் அழுதுவிட்டார். பள்ளிப் பாடப்புத்தகத்தின் மங்கலான கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்த்த விலங்கு நேரில் வந்து நின்றால் அப்படித்தான் இருக்கும்.

அந்தச் சமவெளி ஆளில்லாத நிலமாக நம் முன் வைக்கப்படுகிறது. அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். செரெங்கெட்டியின் மோரு பாறைக் குன்றுகளில் மாசாய் மக்கள் வரைந்த கேடயங்களும் உருவங்களும் சிவப்பிலும் வெள்ளையிலும் இன்னும் இருக்கின்றன. ஓட்டுநரிடம் கேட்டால் கூட்டிப் போவார். எங்களைக் கூட்டிப் போனவர் பாறையைக் காட்டிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "இங்கே மாடு மேய்ந்த காலம் என் தாத்தாவுக்கு நினைவிருந்தது."

1958-ல் மாசாய் பெரியவர்கள் சிலரிடம் பிரிட்டிஷ் ஆட்சி கையெழுத்து வாங்கியது. அதன்படி அவர்கள் செரெங்கெட்டி பூங்காவை விட்டு வெளியேற வேண்டும். பதிலுக்கு, பக்கத்தில் 1959-ல் உருவான கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியில் விலங்குகளோடு சேர்ந்து வாழலாம். விலங்கா மனிதரா என்று வந்தால் அங்கே மனிதருக்கே முன்னுரிமை என்று ஆளுநரே வாக்குக் கொடுத்தார். அதே 1959-ல் ஜெர்மானியரான பெர்னார்ட் கிரிசிமெக்கின் செரெங்கெட்டி ஆவணப்படம் வெளிவந்து ஆஸ்கர் வாங்கியது. மனிதர் இல்லாத ஆப்பிரிக்கக் காடு என்ற கற்பனையை உலகத்தின் மனதில் பதித்ததில் அந்தப் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கோரோங்கோரோ பகுதிக்கு உள்ளேயே இருக்கும் லெட்டோலியில், சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதையர் இரண்டு காலில் நடந்த தடங்கள் எரிமலைச் சாம்பலில் பதிந்து கிடக்கின்றன. மனிதக் காலடியின் இவ்வளவு பழைய சாட்சி உள்ள நிலத்தைத்தான் மனிதர் படாத நிலம் என்று விற்கிறார்கள்.

கொடுத்த வாக்கு எத்தனை நாள் நின்றது? 1974-ல் எரிமலைப் பள்ளத்தின் அடித்தளத்திலிருந்து மாசாய் குடும்பங்களை வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு பயிர் செய்யத் தடை. 1992-ல் தடையைத் தளர்த்தி, 2009-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். 2022 ஜூனில், செரெங்கெட்டியை ஒட்டிய லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்துக்கு எல்லைக்கல் நட்டார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று நெடுங்காலமாக வேட்டை உரிமை வைத்திருந்த பகுதி அது. எதிர்த்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. காவலர் ஒருவரும் உயிரிழந்தார். காயம்பட்டவர்கள் எல்லை தாண்டிக் கென்யாவில் மருத்துவம் பார்த்துக்கொண்டார்கள். அதே ஆண்டு கோரோங்கோரோவாசிகளைச் சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, தாங்கா மாகாணத்தின் ம்சோமேராவில் குடியேற்றும் வேலை தொடங்கியது. மக்கள்தொகையும் கால்நடையும் பெருகிவிட்டன, விரும்புகிறவர்களே போகிறார்கள் என்கிறது அரசு. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நிதியைக் குறைத்துவிட்டு அதற்கு விருப்பம் என்று பெயர் வைக்கிறார்கள் என்கிறார்கள் மக்கள்.

2024 ஆகஸ்டில் அவர்களுடைய ஊர்களையே அரசு அறிவிப்பு ஒன்று பட்டியலிலிருந்து நீக்கியது. சொந்த ஊரில் வாக்களிக்கும் உரிமைக்கே ஆபத்து வந்தது. ஆயிரக்கணக்கானோர் செரெங்கெட்டிக்குப் போகும் நெடுஞ்சாலையில் நாள்கணக்கில் திரண்டார்கள். சஃபாரி வண்டிகள் நின்றன. நீதிமன்றம் அந்த அறிவிப்பை நிறுத்தி வைத்தது, அரசும் பின்வாங்கியது. சுற்றுலாப் பயணியின் கண்ணில் படும் இடத்தில் நின்றால்தான் தங்கள் குரல் கேட்கும் என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கண் நம்முடையதாகவும் இருக்கலாம் என்பதால்தான் இதையெல்லாம் எழுதுகிறோம்.

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. மாஞ்சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1929-ல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028-ல் முடிகிறது. நிலம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. நான்கைந்து தலைமுறையாகத் தேயிலை பறித்த தொழிலாளர்களிடம் 2024-ல் விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டினார்கள். அங்கேயும் "விருப்பம்" என்ற சொல்தான். காடும் புலியும் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கான விலையை ஒவ்வொரு முறையும் மாடு மேய்ப்பவரும் கூலி வேலை செய்பவருமே ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

சாகசப் பயணத்தில் இன்னொரு உழைப்பும் நம் கண்ணில் பட வேண்டும். 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோவில் ஒருவர் ஏறக் கூடாரம், அடுப்பு, அரிசி, தண்ணீர் என்று சுமந்துகொண்டு பல பேர் முன்னால் நடக்கிறார்கள். ஒருவர் தலையில் 20 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது விதி, வாயிலில் எடையும் போடுகிறார்கள். விலை குறைவாகச் சொல்லும் நிறுவனம் எங்கே மிச்சம் பிடிக்கிறது என்று யோசியுங்கள். சுமை தூக்குவோரின் கூலியிலும் சாப்பாட்டிலும் படுக்கையிலும்தான். அவர்களின் கூலியையும் நிலைமையையும் கண்காணிக்கும் கிளிமஞ்சாரோ சுமைதூக்குவோர் உதவித் திட்டம் என்ற அமைப்பு, முறையாக நடத்தும் நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அன்பளிப்புப் பணத்தை நடுவில் இருப்பவரிடம் மொத்தமாகக் கொடுக்காமல், எல்லோர் முன்னாலும் தொகையைச் சொல்லிக் கொடுங்கள். மலை ஏற வசதி இல்லையென்றால் ஏற வேண்டாம். அடிவார ஊர்களின் காப்பித் தோட்டங்களில் ஒரு நாள் நடந்தாலே போதும்.

சஃபாரியின் நடுவே "மாசாய் கிராமம்" என்று ஒரு நிறுத்தம் வரும். பணம் கட்டினால் குதித்து ஆடிக் காட்டுவார்கள், வீட்டுக்குள் கூட்டிப்போவார்கள். அது அவர்களின் வருமானம், கேவலமாகப் பேச எதுவும் இல்லை. ஆனால் நம் சேரிக்குள் கேமராவோடு வந்து குழந்தைகளைப் படமெடுத்துப் போனவர்களை நமக்கு நினைவிருக்கிறது அல்லவா? நாங்கள் கட்டணம் கட்டினோம், வளையல் வாங்கினோம், படம் எடுக்கவில்லை. வாசலில் நின்ற இளைஞரிடம் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்டோம். அதன்பிறகு அரை மணி நேரம் அவர்தான் பேசினார்.

உங்களையும் அங்கே ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்: "முஹிண்டி", அதாவது இந்தியர். பெரும்பாலோருக்கு அந்தச் சொல்லின் பொருள் கடை முதலாளி. ஊரில் சாதி சொல்லி ஒதுக்கப்பட்ட நாம் அங்கே வசதி படைத்த கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறோம். அதே நேரம், அங்கே பல தலைமுறையாக வாழும் இந்தியர்களில் சிலர் முதல் அறிமுகத்திலேயே குடும்பப் பெயரை விசாரிப்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் சாதி வாரியாகச் சங்கக் கட்டடங்கள் கட்டிய வரலாறு அவர்களுடையது. இரண்டுக்கும் தயாராகப் போங்கள்.

கிளம்புமுன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பூங்கா எந்த ஆண்டு உருவானது? அதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? நான் தரும் பணத்தில் ஓட்டுநருக்கும் சமையல்காரருக்கும் சுமை தூக்குபவருக்கும் எவ்வளவு போகிறது? வழிகாட்டியிடம் கேட்கத் தயங்காதீர்கள். ஆனால் அரசை எதிர்த்துப் பேசச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர் அங்கேயேதான் பிழைக்க வேண்டும். ஊர் திரும்பியதும் சிங்கத்தின் படத்தோடு அந்த மக்களைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள். இன்டர்ன்ஷிப் அறிக்கையில் ஒரு பக்கம் அதற்கு ஒதுக்கினால் இன்னும் நல்லது.

அம்மாவிடம் யானை பார்த்ததையும் சொல்லுங்கள். அவர் சந்தோஷப்படுவார்.

ஜெய்பீம்.