ஜமக்காளத்துக்குக் கீழே

பெரியம்மா என்னிடம் கொடுத்தனுப்பியவை இரண்டு. ஒன்று பவானி ஜமக்காளம், சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்டது. இன்னொன்று ஒரு வாக்கியம்: "அவள எப்படியாச்சும் பேசிக் கூட்டிட்டு வந்திருட்டி." ஜமக்காளத்தைப் பெட்டியிலிருந்து எடுத்த பிறகும் வாக்கியத்தை எடுக்க முடியாமல் வைத்திருந்தேன்.

அக்கா பெரியம்மாவின் ஒரே மகள். பாளையங்கோட்டையில் நர்சிங் படித்து, வளைகுடாவுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா போனவள். மணமுறிவுக்குப் பிறகு அவள் பங்குக்கு வந்த பணத்தில் 24 அடி நீள டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கினாள். வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீடு. 13 வாரம் ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தம்; அது முடிந்தால் அடுத்த ஊர். ஊர் ஊராக வாடகைக்கு அலைவதற்குப் பதில் வீட்டையே இழுத்துக்கொண்டு போகும் செவிலியர்கள் அங்கே நிறையப் பேர். பெரியம்மாவிடம் இதைச் சொன்னால், "நரிக்குறவங்க மாதிரியா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியில் இருக்கும் சாதித் திமிரைப் பற்றி வேறொரு கட்டுரைதான் எழுத வேண்டும்.

நான் போன டிசம்பரில் அவள் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் இருந்தாள். பாலைவனம் என்று நினைத்து ஒரே ஒரு ஸ்வெட்டரோடு போயிருந்தேன். அது சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். பகலில் வெயில் அடிக்கும், இரவில் தண்ணீர் உறையும். உடன்போக்கில் தலைவி நடந்த பாலை வழிகளைப் பற்றி ஆய்வேடு எழுதி முனைவரானவள் நான். உண்மையான பாலையில் மூக்கு நுனி விறைத்துப் போய் நின்றேன். போகட்டும், உடன்போக்கு என்ற சொல்லிலேயே துணைக்கு ஒருவன் இருக்கிறான்.

இரண்டாம் நாள் அக்கா இரவுப் பணிக்குப் போனாள், மாலை 7 முதல் காலை 7 வரை. சும்மா இருக்க முடியாத பழக்கம் எனக்கு. விளக்கு வைத்த பிறகு கூட்டக் கூடாது என்று அம்மா சொல்வதை மீறும் சந்தோஷத்தோடு வீட்டைப் பெருக்கினேன். தரையில் மூன்று இடங்களில் கம்பித் தட்டு போட்ட ஓட்டைகள் இருந்தன. தரையில் ஓட்டை என்றால் எனக்குத் தெரிந்தது அங்கணக்குழிதான். முடி, ரொட்டித் தூள், மண் எல்லாவற்றையும் அதை நோக்கித் தள்ளிவிட்டேன். பிறகு அவள் வந்து பார்த்து மகிழட்டும் என்று ஜமக்காளத்தை விரித்தேன். எட்டடி அகல வீட்டில் அது சுவருக்குச் சுவர் கிடந்தது. இரண்டு ஓட்டைகள் அதற்குள் போய்விட்டன.

இரவு ஒன்றரைக்கு விழிப்பு வந்தபோது வீடு சில்லிட்டுப் போயிருந்தது. விசிறி ஓடும் சத்தம் கேட்டது. மூடாத மூன்றாவது ஓட்டையில் கை வைத்தேன். பச்சைக் காற்று. தெர்மோஸ்டாட்டைத் தட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. வெளியே புரோப்பேன் சிலிண்டர்கள் இரண்டு நிற்கின்றன என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்து பயம் பிடித்தது. என் முதல் யோசனையை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பக்கத்து டிரெய்லரில் ஒருவர் சாவிப்பெட்டியோடு நடமாடியதைப் பகலில் பார்த்திருந்தேன். அவரைத் தட்டி எழுப்பலாம் என்று கதவின் தாழ்வரை கை போய்விட்டது. வகுப்பில் பெண் வெளி, ஆண் வெளி என்று பாடம் நடத்தும் அதே கைதான்.

அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டாள்.

"கேஸ் வாடை அடிக்கா?"

"இல்லக்கா."

"நம்மூரு சிலிண்டர் கசிஞ்சா அடிக்குமே, அதே வாடைதான். நல்லா மோந்து பாரு. கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்துச்சா?"

"கத்தல."

"சரி. தரையில என்ன கிடக்கு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். "ஜமக்காளம்."

அவள் சிரித்த சிரிப்பில் வார்டே விழித்திருக்கும். "அதச் சுருட்டுட்டி. தெர்மோஸ்டாட்ட ஆஃப் பண்ணு. அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பப் போடு."

சுருட்டினேன், அணைத்தேன், போட்டேன். முதலில் விசிறி, பிறகு ஒரு சொடுக்கு, பிறகு எங்கோ உள்ளே தீ பற்றிக்கொள்ளும் 'புஸ்'. கணுக்காலில் சூடு ஏறியது.

காலையில் வந்தவள் தூங்கப் போகவில்லை. தேநீரைப் போட்டுக்கொண்டு, என்னைத் தரையில் உட்காரவைத்துத் திருப்புளியைக் கையில் கொடுத்தாள். ஃபர்னஸ் தீயை எரித்துக் காற்றைச் சூடாக்குகிறது; விசிறி அந்தக் காற்றைத் தரைக்கடியில் ஓடும் குழாய்களில் தள்ளுகிறது; அது ஓட்டைகள் வழியாக மேலே வருகிறது. ஓட்டைகளை அடைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். அது அளவுக்கு மிஞ்சும்போது லிமிட் சுவிட்ச் என்ற ஒன்று தீயை நிறுத்திவிடும், விசிறி மட்டும் ஓடும். "பழுது இல்லட்டி. அது தன்னக் காப்பாத்திக்கிட்டு."

தட்டைக் கழற்றி டார்ச் அடித்தோம். நான் பெருக்கித் தள்ளியது மேலாக இருந்தது. அதற்குக் கீழே அக்காவின் முடி, கறுப்பும் நரையும். இன்னும் கீழே பழைய சொந்தக்காரர் வளர்த்த ஏதோ பிராணியின் ரோமம், ஒரு பிளாஸ்டிக் பொத்தான், பிறகு மரத்தூளும் இரண்டு திருகாணிகளும். வண்டி கட்டியபோது தரையை அறுத்தவர்கள் விட்ட தூளாக இருக்கும். கையால் எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு, வேக்குவத்தின் ஒடுக்கமான மூக்கை மெதுவாக விடச் சொன்னாள். உள்ளே இருப்பது மெல்லிய அலுமினியக் குழாய். குத்தினால் கிழியும், கிழிந்தால் சூடெல்லாம் வண்டியின் வயிற்றுக்குள்ளேயே போகும். ஓர் இடத்தில் குழாய் விளிம்பு விலகியிருந்தது. டக்ட் டேப் சுருளை நீட்டினேன். "பேருதான் டக்ட் டேப். இந்தச் சூட்டுல பசை காஞ்சு உரிஞ்சிரும்" என்று அலுமினிய டேப்பை எடுத்துக் கொடுத்தாள். ஓட்டையின் அடியில் கொசுவலை வைத்தால் தூசி விழாதே என்றேன். வைக்கலாம், ஆனால் வாரம் தவறாமல் எடுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் அந்த வலையே ஜமக்காளம் ஆகிவிடும் என்றாள். எலி வரும் சந்துகளில் இரும்புக் கம்பளியைத் திணித்து வைத்திருந்தாள்.

"இதெல்லாம் யாருக்கா சொல்லிக் குடுத்தா?"

அவள் தேநீரை ஒரு மிடறு குடித்தாள். கணவரோடு இருந்தது பெரிய வீடு. ஃபர்னஸ் நிலவறையில். 11 வருடத்தில் அந்த அறைக்குள் அவள் போனதே இல்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தரைக்கு மேலே கூட்டுவது அவள் வேலை, தரைக்குக் கீழே இருப்பது அவர் வேலை, அப்படி அமைந்துவிட்டது. அவர் பிரிந்து போன முதல் குளிர்காலத்தில் வீடு சூடாவது நின்றது. இரண்டு நாள் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரைக் கையாளுபவள்.

"மூணாம் நா அவருக்கே போன் பண்ணேன்ட்டி. ஃபில்டர மாத்துன்னாரு. அம்புட்டுதான். கையெழுத்துப் போட்டப்பகூட நான் அழல, அன்னைக்கு அழுதேன்."

இரண்டாவது தட்டையும் கழற்றினோம். ஜமக்காளம் இப்போது அவள் கட்டில்மேல் மடிந்து கிடந்தது. மூன்றாவதைத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கும்போது பெரியம்மா அழைத்தாள்.

"என்னட்டி பண்ணுத?"

"அக்காவுக்கு ஒத்தாசையா இருக்கேன் பெரியம்மா."

"சொன்னியா?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கையில வேல இருக்கு பெரியம்மா, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டேன்.

"அம்மா என்ன சொல்லச் சொன்னா?"

சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. குனிந்து, நான் திருகுவதைப் பார்த்தாள்.

"ரொம்ப இறுக்காத. கீழ ஒட்டுப்பலகை, மரை போயிரும்."