ஆச்சியின் பேனாவுக்கு ஓலைச் சட்டை

பேனாவுக்குச் சட்டை போட்டு யாராவது பார்த்திருக்கிறீர்களா, தோழியரே? நான் போட்டிருக்கிறேன். துணியில் அல்ல, பனை ஓலையில். அழகுக்காகச் செய்த வேலை என்று எண்ணிவிடாதீர்கள். அழகு பின்னால் தானாக வந்து சேர்ந்தது.

எங்கள் ஆச்சிக்கு வயது 78. ஆசிரியையாக 30 ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் முத்து முத்தாக எழுதிய அந்த விரல்கள் இப்போது முடக்குவாதத்தால் கணுக்கணுவாக வீங்கிவிட்டன. சோற்றைப் பிசைவதே கடினம். மும்பையில் இருக்கும் தம் தங்கைக்கு மாதம் இரண்டு கடிதம் எழுதுவது ஆச்சியின் வழக்கம். சின்ன ஆச்சிக்குக் காது அறவே கேட்காது. ஆகையால் தொலைபேசியால் அவர்களுக்குப் பயனில்லை. சென்ற ஆண்டு ஆடி மாதத்தோடு அந்தக் கடிதங்கள் நின்றுபோயின. மெல்லிய பந்துமுனைப் பேனா ஆச்சியின் பிடியில் நிற்காமல் நழுவியது. 

"நீங்க சொல்லுங்க ஆச்சி, நான் எழுதுறேன்" என்றேன்.

"உன் கையெழுத்துல போனா அவ என்ன நினைப்பா? ஆச்சி படுத்த படுக்கையாயிட்டான்னு அழ ஆரம்பிச்சிருவா. என் எழுத்தைப் பார்த்தாத்தான் அவளுக்கு உசிரு வரும்" என்றார்கள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

பந்துமுனைப் பேனாவை அழுத்தினால்தான் அதன் முனையிலுள்ள குண்டு உருளும், மை இறங்கும். வலிக்கும் விரலுக்கு அந்த அழுத்தம் பெரும் சுமை. மைப்பேனாவுக்கு அது தேவையில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நிப்பின் நடுவிலுள்ள மெல்லிய கீற்றின் வழியே மை தானாக நுனிக்கு வந்து நிற்கிறது. தாளைத் தொட்டால் போதும். வெளியேறும் மைக்கு ஈடாகக் காற்று உள்ளே போகவேண்டும். நிப்புக்கு அடியிலுள்ள கட்டையில் வெட்டியிருக்கும் மெல்லிய வாய்க்கால்கள் அதற்குத்தான். அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் என்பவர் இத்தகைய அமைப்புக்கு 1884இல் காப்புரிமை பெற்றார்.

ஆச்சியின் தகரப் பெட்டியில் பழைய கறுப்பு மைப்பேனா ஒன்று இருந்தது. எபனைட்டில் கடைந்தது, அதாவது ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கிய பொருள். விரலால் தேய்த்து முகர்ந்தால் இன்னமும் கந்தக வாடை வரும். சுதேசி இயக்கக் காலத்தில் ராஜமுந்திரியில் பேர்பெற்ற இரத்தினம் பேனாவும் இந்த வகைதான். நம் திருவள்ளூரில் இன்றும் எபனைட்டைக் கடைசல் பிடித்துக் கையால் பேனா செய்கிறார்கள். பேனா கிடைத்தது, அழுத்தவும் வேண்டாம். ஆனால் அதுவும் ஆச்சியின் கைக்கு ஒல்லி. கைப்பிடியைத் தடிமனாக்க வேண்டும். கடையில் விற்கும் ரப்பர் உறை ஆச்சிக்கு வேர்த்துப்போய் வழுக்கியது. எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஓலைக்குப் பஞ்சமில்லை!

விரல் படுகிற கழுத்துப் பகுதியில்தான் சுற்றவேண்டும் என்பது என் முதல் எண்ணம். அப்பா பேனாவை வாங்கி மூடியைத் திருகிக் காட்டினார். கழுத்து முழுவதும் மூடிக்குள் போய் மறைந்தது. அங்கே ஓலையைச் சுற்றினால் மூடி ஏறாது; மூடாத நிப்பில் மை காய்ந்துவிடும். எனவே மரைக்குக் கீழே, உடல் பகுதியில்தான் சட்டை. பிடி ஓர் அங்குலம் மேலே போகும். அழுத்தவேண்டிய பேனாவாக இருந்தால் அப்படிப் பிடித்து எழுத முடியாது; மைப்பேனாவில் முடியும்.

முதலில் பேனாவைப் பச்சைத் தண்ணீரில் கழுவினேன். வெந்நீர் பட்டால் எபனைட்டின் கறுப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். பிறகு பருத்தி நூலை இடைவெளியில்லாமல் சுற்றி, புளியங்கொட்டைப் பசையைத் தடவினேன். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சுவதற்கு ஒரு முழு நாள் ஆயிற்று. அம்மாவின் அம்மி பட்ட பாட்டை இங்கே எழுதாமல் விடுகிறேன். ஒரு சுற்றுக் காய்ந்தபின் அடுத்த சுற்று. இப்படி ஐந்து சுற்றில் பேனா ஏறக்குறைய கட்டைவிரல் பருமனுக்கு வந்தது.

மேலே குருத்தோலை. குருத்தோலை ஞாயிறன்று சிலுவை பின்னிய கைகளுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை! ஈர்க்கை நீக்கி, வெயிலில் வெளுக்க உலர்த்தி, ஒரு நூல் அகலத்தில் கிழித்துக்கொண்டேன். ஓலை நனைந்து சொட்டும்போது பின்னக்கூடாது. காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விழும். ஈரத் துணியில் சுருட்டி வைத்து, வளைகிற பதம் வந்ததும் பின்னவேண்டும். சில கீற்றுகளைப் படிகாரமும் பதிமுகக் கட்டையும் போட்ட நீரில் கொதிக்கவைத்துச் சிவப்பாக்கினேன். மஞ்சளிலும் சாயம் ஏற்றலாம். ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். சட்டை முழுவதும் உலர்ந்தபின் தேன்மெழுகை உருக்கி மெல்லத் தேய்த்தேன். புளியங்கொட்டைப் பசைக்கு ஈரம் ஆகாது. கை வியர்வை உள்ளே இறங்காமல் மெழுகு காக்கிறது. உருண்டையான பேனா மேசையிலிருந்து உருண்டு விழுந்தால் நிப்பு மடங்கிவிடும். அதற்காகப் பின்முனையில் பனைநாரால் ஒரு முடிச்சுப் போட்டேன். அதுதான் ஆச்சிக்கு மிகவும் பிடித்தது.

இதில் நான் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. பில்லரால் உடலுக்குள்ளேயே மை ஊற்றும் பேனாக்கள், மை குறைந்ததும் கக்குவதைப் பார்த்திருப்பீர்கள். காலியான இடத்திலுள்ள காற்று கைச்சூட்டில் விரிந்து, மையை வெளியே தள்ளுவதுதான் காரணம் என்று எங்கள் அறிவியல் சிஸ்டர் விளக்கினார்கள். நூலும் ஓலையும் கைச்சூடு உள்ளே போவதைத் தடுப்பதால், ஆச்சியின் பேனா இப்போது கக்குவதில்லை. கழுத்து மரையில் சிறிது தேன்மெழுகு தடவியதால் கசிவும் இல்லை.

"மையையும் வீட்டிலேயே காய்ச்சிவிடேன்" என்று என் தோழி ஒருத்தி யோசனை சொன்னாள். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை செய்யலாம் என்பது உண்மையே. தொட்டு எழுதும் பேனாவுக்கு அது பொருந்தும். மைப்பேனாவிலோ அதன் அமிலம் எஃகு நிப்பை அரிக்கும். அடியில் தங்கும் வண்டல் மெல்லிய வாய்க்காலை அடைக்கும். விளக்குக் கரி மையும் அப்படியே அடைத்துக்கொள்ளும். இயற்கைப் பொருள் எல்லாம் பேனாவுக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே கடை மை இருக்கட்டும் என்பதே என் கட்சி.

ஆச்சி முதல் நாள் நான்கு வரிதான் எழுதினார்கள். எழுத்துகள் பெரிது பெரிதாக, கொஞ்சம் சாய்ந்து இருந்தன. இடையில் இரண்டு முறை பேனாவை வைத்துவிட்டு விரல்களை நீவிக்கொண்டார்கள். ஒரு பக்கம் நிறைய நான்கு நாட்கள் ஆயின. வலி போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன்; மழைக்காலத்தில் இப்போதும் ஒரு வாரம், பத்து நாள் பேனாவைத் தொடுவதில்லை. கடிதத்தின் அடியில், "பேனாவுக்குச் சட்டை போட்டது பேத்தி" என்று எழுதி, என்னைத் தபால் பெட்டிக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் வாரம் மும்பையிலிருந்து பதில் வந்தது. சின்ன ஆச்சி, தங்களுக்கும் விரல் வீங்கத் தொடங்கியிருப்பதாகவும், அக்காள் கவலைப்படுவாள் என்று இதுவரை எழுதவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். ஆச்சி அதை உரக்கப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்கள். 

"கருப்பட்டிக்காரர் வந்தா ரெண்டு குருத்தோலை கொண்டுவரச் சொல்லு" என்றார்கள். ஓலை இப்போது மொட்டைமாடியில் காய்கிறது.